டிராகன் குகைக்கு ஒரு பேங்க்ஸ்மேன்

முதல்தடவை டிராகன் வேட்டைக்குப் போனபோது நான் டிராகனைப் பார்க்கவே இல்லை. அடுத்த தடவையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் குகைக்குள் இறங்கி வாளும் கையுமாக அலைந்துகொண்டிருக்க, நான் குகை வாசலில் ஒரு எவர்சில்வர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அடம்பிடித்து நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கோடை லீவுக்கு வந்தவன் அழுக்குத் துணி மூட்டையோடு ஒரு புது ஆட்டத்தையும் கொண்டுவந்து இறக்கினான். தாயம் மாதிரி அதில் காய் கிடையாது. கேரம் மாதிரி குழி கிடையாது. ஜெயித்தவன், தோற்றவன் என்றுகூடக் கிடையாது. ஒருத்தன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைந்து, நான் கதவை உடைக்கிறேன், நான் மந்திரம் போடுகிறேன் என்று சொல்லவேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அந்தப் பகடைக்கு இருபது முகம். நெல்லிக்காய் அளவில் கருநீலமாக இருக்கும். அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, "குலதெய்வமாடா அது?" என்று அம்மா கேட்டாள்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் அண்ணன் சாக்பீஸால் குகை வரைந்தான். எதிர்வீட்டு பவித்ரா மந்திரக்காரி. அவள் தம்பி தினேஷ் வாள்வீரன். மாதா கோயில் பக்கத்து லைனிலிருந்து வரும் ஆரோக் திருடன். காலையில் பூசைக்குப் போய் பாட்டெல்லாம் பாடிவிட்டு, மத்தியானம் நேராக வந்து திருடனாகிவிடுவான். முழுப்பெயர் ஆரோக்கியராஜ். அவ்வளவு நீளமாக அவனை அவன் அம்மா ஒருத்திதான் கூப்பிடுவாள், அதுவும் கோபம் வந்தால்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை மாற்றினான். "மலைக்கு அடியில ஒரு குகை. பயங்கர ஆழம். அடியில தங்கம் குவிஞ்சி கெடக்குது. அது மேல ஒரு டிராகன் படுத்துத் தூங்குது. இன்னா பண்றீங்க?"

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் உடனே வாளை உருவியிருப்பார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எத்தினி அடி ஆழம்?" என்றான் ஆரோக்.

"உள்ள காத்து வருதா?" இது பவித்ரா.

"எறங்கறதுக்கு கேஜ் கீதா?"

"கேஜ்லாம் இல்லடா தினேஷ். நடந்து போங்க."

"நடந்து போனா தங்கத்த எப்பிடி மேல ஏத்தறது? முதுகுலயா?"

ஹாஸ்டலில் யாரும் அண்ணனை இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. திருதிருவென்று விழித்தான். எங்களில் ஒருவர்கூடத் திறந்திருந்த சுரங்கத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். ஆனாலும் தங்கம் என்றால் கூண்டில் இறங்கித்தான் எடுக்கவேண்டும் என்பது, சோறு என்றால் உலை வைக்கவேண்டும் என்பதைப்போல எங்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் பெருமூச்சு விட்டுக்கொண்டே குகை வாசலில் ஒரு கூண்டும் கயிறும் வரைந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீ யாரு? வில்லு வெச்சிக்கறியா? மோகினி மாதிரி ஒண்ணு கீது, அத எடுத்துக்கறியா?"

எனக்கு வேறு ஒரு கவலை. "மூணு பேரும் கீழ போய்ட்டா மேல மணிகிட்ட யாரு நிக்கறது?"

"எந்த மணி?"

"கூண்டு மணி. நான் பேங்க்ஸ்மேன்."

சுரங்கம் மூடும்வரை அப்பாவுக்கு அதுதான் வேலை. குழியின் வாயில் நின்றுகொண்டு ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கிவிடுகிறவர். கீழேயிருந்து வருகிற மணியைக் கேட்டு, அதற்குப் பதில் மணி கொடுத்து, கூண்டை மேலே இழுக்கச் சொல்லுகிறவர். மூன்று முறை மணி அடித்தால் கூண்டில் ஆள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கதவை மூன்று முறை தட்டினால், "ஆள் வந்துகீது, இழு" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அண்ணன் தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "அப்பிடி ஒரு கேரக்டரே இதுல இல்லடி."

"இல்லன்னா எழுதிக்கோ."

சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் படுத்திருந்த அப்பாவின் தோள் குலுங்கியது. தூங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு வார லீவு. மற்ற நாளெல்லாம் விடியற்காலை ட்ரெயினைப் பிடித்துப் பெங்களூர் போவார். அங்கே ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை. லிப்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி. சுரங்கம் போனாலும் இந்த மனுஷனைக் கூண்டு விடமாட்டேன்கிறது என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆக, நான் பேங்க்ஸ்மேன் ஆனேன். மணிக்குப் பதில் டம்ளர், ஸ்பூன். கீழே இருப்பவர்கள் கேரம் போர்டில் மூன்று தட்டுத் தட்டவேண்டும். நான் டம்ளரில் மூன்று தட்டி, "மேல!" என்று கத்தவேண்டும். அண்ணன் சாக்பீஸ் கூண்டை அழித்து மேலே வரைவான். அவ்வளவுதான் என் வீரதீரம்.

வேலை பிரமாதமாகத்தான் தொடங்கியது. போகப்போகத்தான் தெரிந்தது, பேங்க்ஸ்மேனுக்குப் பகடையே கிடையாது என்று. தினேஷ் எலும்புக்கூடுகளை வெட்டிச் சாய்க்கிறான். பவித்ரா விரல் நுனியில் நெருப்பு வரவழைக்கிறாள். ஆரோக் பூட்டுகளை ஊதியே திறக்கிறான். நான் கொட்டாவி விடுகிறேன். "மேல இன்னா நடக்குது?" என்று கேட்டால், "மழை தூறுது" என்பான் அண்ணன், பாவம் பார்த்து. "பேங்க்ஸ்மேன், டீ ஆச்சா?" என்று கீழேயிருந்து ஆரோக் குரல் கொடுப்பான். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும். வாளை எடுத்துக்கொண்டு நானும் இறங்கிவிடலாமா என்று நூறு முறை தோன்றும். ஆனால் டம்ளரை யாரிடம் கொடுப்பது?

ஆட்டத்தில் அண்ணன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. பவித்ரா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து தினேஷ் அவளுக்காகப் பகடை போட்டு, அது ஒன்று விழுந்து, அவள் மந்திரக்கோல் முறிந்து, அக்காவும் தம்பியும் நிஜமாகவே மயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அப்போது அண்ணன் சொன்னான். "அவங்கவங்க உசிரு அவங்கவங்க கையில. ஒருத்தருக்காக இன்னொருத்தர் டைஸ் போடக்கூடாது. போடறதும் ஒரே ஒரு தபாதான்."

விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் கூண்டில் ஏறி மேலே வந்ததும் ஆட்டம் முடியும். அவரவர் வீட்டுக்குப் போன பிறகு அப்பா பாயிலிருந்து எழுந்து உட்காருவார்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கப்பா."

அதற்குப் பிறகுதான் முகம் கழுவப் போவார். என் ஆட்டத்தை அவர் மதித்துக் கேட்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

டிராகன் விழித்துக்கொண்டது தினேஷால். கதைக்குள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கத்தை அள்ளும்போது இவன் நிஜமாகவே ஒரு தும்மல் போட்டான். அண்ணன் விடுவானா? "டிராகன் கண்ணைத் தொறந்துச்சு!" என்று கத்தினான். நெருப்பு, புகை, கூச்சல். பவித்ராவும் தினேஷும் அலறிக்கொண்டு கூண்டுக்குள் பாய்ந்து போர்டில் மூன்று தட்டினார்கள். நான் டம்ளரில் மூன்று தட்டி "மேல!" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக நான் இரண்டு பேர் உயிரைக் காப்பாற்றியிருந்தேன். அதன் பிறகுதான் கூண்டைப் பார்த்தேன்.

"ஆரோக் எங்க?"

"நான் இன்னும் பாறைக்குப் பின்னாலதான் கீறேன்," என்றான் ஆரோக், ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பவன்போல.

அந்த நேரம் பார்த்துத் தெருவில், "ஆரோக்கியராஜ்!" என்று குரல் கேட்டது. அவன் துள்ளி எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, "எத்தினி விழுந்தா நான் தப்பிப்பேன்?" என்று கேட்டான்.

"பதினஞ்சோ அதுக்கு மேலயோ விழுந்தா கூண்டுக்குள்ள குதிச்சிருவ. கொறைஞ்சா டிராகன் வாயில."

"அடுத்த வாரம் வந்து போடறேன்," என்று ஓடிப்போனான்.

அன்றைக்கும் அப்பா கேட்டார். "ஆரோக் மட்டும் கீழ கீறாம்பா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்துருவான்," என்றேன். அப்பா முகம் கழுவப் போகவில்லை. கேரம் போர்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் நடுவிலேயே ஆரோக்கின் வீட்டார் ஒரு டெம்போவில் கட்டில் பீரோவை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். அவன் அப்பாவும் என் அப்பாவைப்போல ட்ரெயினில் போய்வந்துகொண்டிருந்தவர்தான். அலைய முடியவில்லை, அங்கேயே வீடு பார்த்துவிட்டார், பிள்ளைக்கு ஸ்கூலும் கிடைத்துவிட்டது. எல்லாம் நல்ல சேதிதான். டெம்போவின் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆரோக் பவித்ராவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "நான் பாறைக்குப் பின்னாலயே கீறேன்னு சொல்லிடு."

அவன் அப்பாவின் போனுக்கு அடித்தால், அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அவனுக்குக் காலேஜ் திறக்கப் போகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. "ஆரோக் செத்துட்டான்னு வெச்சிக்கலாம். நாளைக்குப் புதுக் கதை. நீயும் வாளு எடுத்துக்கோ, எறங்கு. எத்தினி நாளா ஆசைப்பட்டுகினு கீற."

ஆசைதான். வாள், பகடை, டிராகன் எல்லாம் எனக்கும் வேண்டும்தான். ஆனால் டம்ளரைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை. "கீழ ஆள் கீது. மணிய வுட்டுட்டு எப்பிடி வர்றது?" என்றேன்.

"ஆட்டம்தானடி இது! நெஜமாவா ஆள் கீது?"

"பாறைக்குப் பின்னால கீறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்!"

ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். மூக்கு ஒழுக, டம்ளரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதேன். அப்போதுதான் ட்ரெயினிலிருந்து இறங்கிவந்த அப்பா, யூனிபார்ம் சட்டையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினி விழணும்?" என்றார்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "பதினஞ்சு, சித்தப்பா. ஆனா அவன் கையாலதான் போடணும்."

"அந்தக் கல்லக் குடு."

அண்ணன் அந்தக் குலதெய்வத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அப்பா அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யூனிபார்மைக் கழற்றிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. வாரத்தில் அவர் தூங்குகிற ஒரே நாள். நாங்கள் எழுந்து பார்த்தால் பாய் சுருட்டியிருக்கிறது. அதே விடியற்காலை ட்ரெயினில், வாரம் முழுக்கப் போய் அலுத்த அதே ஊருக்குப் போயிருக்கிறார். கையில் இருந்த துப்பு, கே.ஆர்.புரம் பக்கம், மாவுமில் சந்து என்று ட்ரெயினில் யாரோ சொன்னது மட்டும்தான்.

"நெருப்பு கக்கற பல்லிக்காகப் பெங்களூர் போறாராம்! கேட்டா ஊரே சிரிக்கும்," என்று அம்மா பாத்திரங்களை டணார் டணார் என்று வைத்தாள். மத்தியானம் ஆனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கறிக்குழம்பு வைத்திருந்தாள், எங்களுக்குப் போட்டாள், தான் சாப்பிடவில்லை. "ஏம்மா, அப்பா எதுக்கும்மா போனாரு?" என்று கேட்டேன். "உனக்குப் புரியாது, போய் வெளாடு," என்று என் தலையைக் கோதிவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்திருந்த எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

விளையாட எங்கே? கவிழ்த்துப் போட்ட கேரம் போர்டைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். தினேஷ் தும்மல் வந்தபோதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டான். வெயில் இறங்கி, சுரங்க மண்மேட்டின் நிழல் லைன் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் பையைக் கட்டத் தொடங்கியபோது ட்ரெயின் சத்தம் கேட்டது.

அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பு வார் ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, கைக்குட்டையை அவிழ்த்துப் பகடையைப் போர்டின் மேல் வைத்தார்.

"பதினேழு."

அண்ணன் மெதுவாக, "அவன் கையாலதானே, சித்தப்பா?" என்று கேட்டான்.

"அவன் கையாலதான்."

அண்ணன் எழுந்து நின்றான். கதை சொல்லும் குரல் அவனுக்குத் திரும்ப வந்துவிட்டது. "டிராகன் வாயத் தொறக்குது. ஆரோக் பாறைய வுட்டு ஓடியாரான். ஒரே தாவு! கூண்டுக்குள்ள வுழுந்துட்டான்!"

போர்டில் தட்டுவதற்கு ஆரோக் இல்லையே என்று நாங்கள் முழித்தோம். அப்பா குனிந்து விரல் முட்டியால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாக, ஒவ்வொன்றும் அடங்கும்வரை விட்டு அடுத்தது. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஸ்பூனை எடுத்து டம்ளரில் அதே மாதிரி மூன்று தட்டி, வீடு அதிர "மேல!" என்று கத்தினேன். பவித்ராவும் தினேஷும் குதித்த குதியில் சாமி படம் ஆடியது.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"வந்துட்டாங்கப்பா."

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மத்தியானத்துக் கறிக்குழம்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அம்மாவும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் காலேஜுக்குப் போன பிறகு ஒருநாள், எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள். கல்யாணமான புதிதாம். பகல் ஷிப்டில் கீழே பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது. மூன்று முறை மணி அடித்து அப்பா கூண்டை மேலே எடுத்திருக்கிறார். இறங்கியவர்களில் ஒருத்தர் அதில் இல்லை. காலையில் அவரைச் சிரித்துப் பேசிக் கூண்டில் ஏற்றிவிட்டவர் அப்பா. அடுத்த ஷிப்ட் பேங்க்ஸ்மேன் வந்து, நீ வீட்டுக்குப் போ என்றும் போகவில்லை. மறுநாள் வரைக்கும் மணிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மணி வரவே இல்லை. "அதுக்கப்புறம் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல," என்றாள்.

நானும் இப்போது அதே ட்ரெயினில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போன மாதம் கே.ஆர்.புரம் பிளாட்பாரத்தில், தாடி வைத்த ஒருத்தன் என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "பேங்க்ஸ்மேன், டீ ஆச்சா?" என்றான். ஆரோக்! அங்கேயே டீ வாங்கிக் குடித்தோம். டிராகனைப் பற்றிப் பேச்சு வந்தது. "உன் பதினேழை மறக்கவே முடியாதுடா," என்றேன்.

அவன் சிரித்தான். "பதினேழா? மொதல்ல எனக்கு நாலுதான் விழுந்துச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்கப்பா அதையே பாத்துகினு நின்னாரு. 'இன்னொரு தபா போடு கண்ணு'ன்னாரு. ஒம்போது. திரும்பப் போடுன்னாரு. ரெண்டு. எனக்கு பயமாப் போச்சு. 'அங்கிள், ஒரு தபாதான் போடணும், அதான் ரூல்'னு சொன்னேன். காதுலயே வாங்கல. எங்க வூட்டுப் படியில குந்திகினு, கீழ வுழுந்தத எடுத்து எடுத்து என் கையில குடுத்துகினே இருந்தாரு. எங்கம்மா சாப்புடக் கூப்பிட்டாங்க, போகல. 'அங்கிள், விழவே இல்லன்னா?'ன்னு கேட்டேன். 'இந்த ட்ரெயின் போனா அடுத்த ட்ரெயின் கீது. நீ போடு'ன்னாரு."

அப்பா எங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆரோக்கின் கையால் பதினேழு விழுந்தது நிஜம்தான். நான்தான் அன்றைக்கு ராத்திரி பாயில் அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சில பேருக்கு எப்படித்தான் அதிர்ஷ்டம் அடிக்கிறதோ, ஒரே போடில் பதினேழு என்று ஆரோக்கின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.